நாங்கள் ஏறாத எட்டுப் படி

என் கல்யாணம் கடலோரத்துத் துரை பங்களாவில் நடந்தது. இதைச் சொன்னால் இன்றைக்கும் பெண்கள் வாயைப் பிளக்கிறார்கள். பிளக்கட்டும். எனக்கு எழுத்து ஓட்டமாக வராது, ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆகும். அவசரம் ஒன்றும் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். பட்டணத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடலைப் பார்த்தாற்போல அந்தப் பங்களா. யாரோ ஒரு பெரிய துரை காற்று வாங்கக் கட்டியதாம், எங்கள் தாத்தாவுக்கும் முந்தின கட்டிடம். பிறகு அது ஓட்டலாகி, கப்பலில் வருகிற துரைகளும் துரைசானிகளும் தங்கிப் போனார்கள். என் மாமனார் அங்கே தலைமை பட்லர். வீடு பூந்தமல்லியில். நாங்கள் பருத்திப்பட்டு. ஏரிக்குக் கீழே சொந்த நிலத்தில் பயிர் வைத்த குடும்பம், யார் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை.

எங்கள் வழக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். நிச்சயத்துக்கு வந்த மாமனார், "ஊட்டாண்ட எதுக்கு சம்பந்தி? பெரிய தொரகிட்ட உத்தரவு வாங்கிட்டேன். பங்களாத் தோட்டத்துலயே பந்தல். பொண்ணு எட்டுப் படி ஏறி முன்வாசல் வழியா வரும். இந்த ஜில்லாவுல எவன் பொண்ணு அப்டி வந்துகீது?" என்றார்.

எங்கள் நைனாவுக்கு மனசில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு இன்னாம்மா இஷ்டம்?" என்று கேட்டார். அந்த நாளில் பெண்ணிடம் அப்படிக் கேட்ட தகப்பன் எத்தனை பேர்? நான் ஏரியைத்தான் பார்த்திருக்கிறேன், கடலைப் பார்த்ததில்லை. "அங்கியே வச்சிக்கலாம் நைனா" என்றேன். யார் மேலும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

அதற்குப் பிறகு நைனாவுக்கே ஆசை வந்துவிட்டது. களத்துமேட்டில் யாரைப் பார்த்தாலும் எட்டுப் படிதான். "ரெண்டு பக்கமும் தூணு. நம்ம ரெண்டு பேரு கைய கோத்தாலும் கட்டிப் புடிக்க முடியாது" என்று, பார்க்காத தூணுக்கு அளவு சொல்வார். பங்காளிகள் எல்லாரும் அந்தப் படியில் ஏறத்தான் கிளம்பினார்கள். என் கல்யாணம் அப்புறம்தான்.

திங்கள் காலையில் முகூர்த்தம். ஞாயிறு விடியும்போதே ஆறு வண்டி பூட்டினோம். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் பெண் உள்ளே போய்விட வேண்டும். இல்லையென்றால் ஆறு மணி வரைக்கும் வெளியேதான். வேலப்பன்சாவடியில் ஒரு வண்டிக்கு அச்சு முறிந்தது. அதைச் சரிபண்ணிக்கொண்டு பங்களா கேட்டுக்கு வந்து நின்றபோது நாலு மணி தாண்டிவிட்டது.

மாமனார் வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்தார். கையில் சந்தனக் கிண்ணத்தைக் காணோம்.

"சம்பந்தி, மெதுவா பேசுங்க. தொரசானிங்க படிக்கு மேல டீ குடிச்சிகினு கீறாங்க. காலைல கப்பல்ல எறங்குனவங்க. அஞ்சு மணிக்கெல்லாம் எழுந்துடுவாங்க."

"அஞ்சு மணிக்கு ராகு காலமாச்சே!"

"அதான் சொல்றேன். பின்னால ஒரு கேட்டு கீது. இப்பவே உள்ள வந்துடலாம்."

"உத்தரவு வாங்கிட்டேன்னீங்களே?"

"வாங்குனேன் சம்பந்தி, தொர குடுத்தாரு. தொரசானிக்கு யாரு சொல்றது?"

நைனா என் வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். "இன்னாம்மா பண்ணலாம்? ஆறு மணி வரிக்கும் இங்கியே நிப்பமா? நீ சொல்லு" என்றார். நிற்கலாம் என்று நான் சொல்லியிருந்தால் நின்றிருப்பார். ரோட்டு மணலில், அத்தனை சனத்தோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருப்பார். சவுக்கு மரங்களுக்கு நடுவே கடல் துண்டு துண்டாகத் தெரிந்தது. எனக்கு அதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். "எந்த வாசலா இருந்தா இன்னா நைனா? போலாம்" என்றேன்.

பின்வாசல் என்றால் சமையல்கட்டுக்கு மீனும் கறியும் போகிற வழி. சாம்பல் மேடு, மீன் செதில், கோழி இறகு. நைனா தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் தங்கை, என் அத்தை, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னா அண்ணாத்தே, எட்டுப் படின்னியே, ஒண்ணக்கூட காணோமே?" என்றாள். "தூணு கீதே, கோழிக் கூண்டுக்கு நட்டு வச்சிகீறான் பாரு" என்றார் ஒரு பங்காளி. எல்லாரும் சிரித்தார்கள். நைனா திரும்பிப் பார்க்கவில்லை.

பந்தக்கால் நடப் புல்தரையில் குழி தோண்டக் கூடாது என்றார்கள். ஊரிலிருந்து கொண்டுபோன பந்தக்காலை, காலிச் சாராயப் பீப்பாயில் கடல் மணலைக் கொட்டி நிறுத்தினார்கள். அம்மா பால் ஊற்றினாள். எவ்வளவு ஊற்றினாலும் மணல் குடித்தது. தாலி கட்டும்போது மேளத்தை அடக்கி வாசிக்கச் சொன்னார்கள், மாடியில் தூங்குகிறார்களாம். கடலையும் பார்த்தேன். பெரிசாகத்தான் இருந்தது.

அதன் பிறகு நைனா என்னைப் பார்க்கப் பூந்தமல்லிக்கு வந்தபோதெல்லாம் கொல்லைப் பக்கமாகவே வந்தார். "முன்னால வா நைனா" என்றால், "இதான் கிட்டக்க கீதும்மா" என்பார். கிட்டே இல்லை, ஒரு தெரு சுற்றிக்கொண்டு வர வேண்டும். கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு தை மாதம், பொங்கல் சீராகப் பூசணிக்காய் இரண்டைத் தலையில் சுமந்துகொண்டு வந்திருந்தார். அவர் கையில் மோரைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். முன்கூடத்தில் மாமனாரைப் பார்க்க நாலு பேர். "எம் மருமவ இன்னா சாதாரணமா? தொர பங்களாவுல எட்டுப் படி ஏறி வந்தவ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை வருஷம் அடக்கி வைத்தது எனக்கு வாயில் வந்துவிட்டது. "எந்தப் படி மாமா? நாங்க கோழி றெக்கைய மிதிச்சிகினு இல்ல வந்தோம்?" என்றேன்.

மாமனார் முகம் கறுத்தது. எனக்கு மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். வந்தவர்களில் ஒருவர் ஓவென்று சிரித்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மாதிரிச் சிரிப்பைப் பங்களாப் பின்வாசலில் முன்னமே கேட்டிருக்கிறேன். அப்போதுதான் கிணற்றடி நினைவுக்கு வந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. சொம்பில் மோர் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நைனா எங்கள் வீட்டுக்கு எந்த வாசல் வழியாகவும் வரவில்லை. நான்தான் பருத்திப்பட்டுக்குப் போய் வந்தேன்.