துணிக்கட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்பீக்கர்

தையல்காரர் ஸ்பீக்கர் வாங்கப் போனது தனக்காக அல்ல, உள்ளறையில் பட்டன் தைக்கும் அக்காவுக்காக. பார்வை மங்கிய பிறகும் விரலால் தடவியே பட்டன் வைப்பாள், ஒன்றுகூடக் கோணாது. சாயங்காலம் போனில் வரும் ஒலிபரப்பில் ஒருவர் தொடர்கதை வாசிப்பார். அந்த அரைமணி நேரம்தான் அவளுக்கு வெளியுலகம். ஆனால் முன்னறையில் மெஷின் ஓடினால் போன் சத்தம் எடுபடாது. அதற்காகத் தம்பி தினமும் மெஷினை நிறுத்துவார். தன்னால் வேலை கெடுகிறதே என்று மனசுக்குள் குமைந்தவள், ஒருநாள் இனிமேல் கதையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

கடையில் இரண்டு மாடல்களைக் காட்டினார்கள். ஒன்று தண்ணீர்க் குடம் பருமன். இன்னொன்று கைக்கடக்கமான ஜோடி. பெரியதில் விற்பனையாளர் ஒரு பாட்டைப் போட்டதும் தரையே அதிர்ந்தது. தையல்காரர் வாயடைத்துப்போய் அதையே தூக்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. சுவர் முழுக்கத் தொங்கும் சட்டைகள், மூலைக்கு மூலை துணிக்கட்டுகள். வாசிப்பவரின் குரலை அவை விழுங்கிவிட, வெறும் ‘தம் தம்’ மட்டும் உள்ளறைக்குப் போய்ச் சேர்ந்தது.

“யாரோ தொட்டிக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்குடா. விட்டுடு,” என்றாள் அக்கா.

அவர் விடவில்லை. ஆளைப் பார்க்காமல் அளவெடுத்துவிட்டோம் என்று புரிந்தது. கடையில் வெற்றுத் தரை, வெற்றுச் சுவர். அங்கே எதைப் போட்டாலும் கணீரென்றுதான் கேட்கும். இன்னொரு இட்லி வேண்டும் என்று சொல்லக்கூடக் கூச்சப்படுகிற மனிதர், மறுநாள் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போய், அட்டைப்பெட்டிகள் குவிந்த குடோனில் இரண்டையும் ஓட்டிக் காட்டும்படி கேட்டார். பாட்டு வேண்டாம், யாராவது பேசுவதைப் போடச் சொன்னார்.

“அண்ணே, நீங்க ஒரு சட்டைக்கு அளவெடுக்கக்கூட இவ்வளவு நேரம் ஆகாதே,” என்றார் விற்பனையாளர்.

“சட்டை சரியில்லன்னா பிரிச்சுத் தைக்கலாம் தம்பி. இதப் பிரிச்சா எனக்குச் சேர்க்கத் தெரியாது.”

விற்பனையாளர் சிரித்துக்கொண்டே ஓட்டிக் காட்டினார். தையல்காரர் கண்ணை மூடி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். பெரியது அங்கேயும் முனகியது. ஜோடியில் வார்த்தைகள் ஒட்டாமல் தனித்தனியாக வந்தன. பேச்சைத் தவிர வேறெதையும் அது பெரிதுபடுத்தவில்லை. மாற்றிக்கொண்டார்.

ஒன்றை அக்காவின் காது உயரத்துக்கு அலமாரியில் வைத்தார், மற்றதைத் தன் மெஷின் பக்கத்தில். கதை தொடங்கியதும், வேண்டுமென்றே மெஷினை வேகமாக மிதித்தார். காது மட்டும் உள்ளறைப் பக்கமே இருந்தது. கால் பிசகி, தையல் ஓரிடத்தில் கோணிப்போனது.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் குரல் வந்தது.

“டேய், அந்த வக்கீல் பொய் சொல்றான். கேட்டியா?”

“ஆமாக்கா. எனக்கு அப்பவே சந்தேகம்,” என்றார் அவர், காலை எடுக்காமலே.