யாழினி கையை உதறிய பிறகு

இன்று மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் மகள் யாழினி கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

அவளுக்கு ஏழு வயது, ஆட்டிசம் உண்டு. பேச்சு இன்னும் வரவில்லை. தண்ணீர் என்றால் அதை நோக்கி ஓடிவிடுவாள். போன வருடம் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மீனவர்தான் அலைக்குள்ளிருந்து அவளைத் தூக்கி வந்தார்.

அதன் பிறகுதான் ஆக்குபேஷனல் தெரபிக்குப் போகிறோம். "நில்லு" என்றால் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு நிற்கவும், வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கவும் அங்கே விளையாட்டாகவே பழக்குகிறார்கள்.

"யாழினி, நில்லு!" என்று கத்தினேன்.

ஓர் இளநீர் வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இன்னாமா, கொயந்த வண்டிய வுடாம புடிச்சிகினு கீது? எளநி வோணுமா?" என்றார் வண்டிக்கார அக்கா.

ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்று பர்ஸைத் திறந்தேன். அதற்குள் யாழினி கழுத்தில் தொங்கும் அட்டைகளில் ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கடல் படம்.

கடலுக்குள் ஓடாமல் என்னைக் கேட்டது இதுதான் முதல் முறை. கைகோத்துப் போய் முழங்கால் வரை நனைந்தோம்.

பிறகு நான் வீட்டுப் படத்தைக் காட்டினேன். அதை வாங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அனுபவப்பட்ட பெற்றோர்களே, இதற்கு என்ன செய்வீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள், நாங்கள் இன்னும் கடற்கரையில்தான் இருக்கிறோம்.