இரட்டையரில் ஒருத்தி

நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கத்துத் தொழிலாளர் லைன் வீடுகளை அங்கே குடியிருப்பவர்கள் பெயருக்கே பத்திரம் போட்டுத் தருவதற்காக, அவர்களின் பழைய பட்டியல்களை மொத்தமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்ததால் அவற்றை நான் ஒப்பிடவில்லை. தகப்பன் பெயர், பிறந்த தேதி, கதவு எண் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள்தான் என்று வைத்து, ஒன்றை நீக்கும்படி புரோகிராம் எழுதினேன். பட்டியல் சுத்தமாகிவிட்டது என்று மேலதிகாரி பாராட்டினார்.

பிறகுதான் அந்த அம்மா வந்தார். அறுபதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய நரைமுடி. தனியாக வந்திருந்தும் "நாங்க" என்றே பேசினார். வீட்டுப் பத்திரத்துக்கான பட்டியலில் அவர் பெயர் இல்லை. கூடப் பிறந்த இரட்டை அக்காவின் பெயர் இருந்தது. அக்கா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

"செத்தவள வச்சிக்கினு உயிரோட இருக்கறவள தூக்கிட்டீங்களே, இன்னா சார் இது?"

"அக்கா பேரை எடுத்தாத்தாம்மா உங்க பேரு ஏறும். எடுத்துடட்டுமா?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேஷன் கார்டுல எடுத்துட்டாங்க. ஓட்டர் லிஸ்ட்லயும் எடுத்துட்டாங்க. இங்கயாவது இருக்கட்டும், போங்க."

எழுந்து போய்விட்டார்.

நீக்கியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தால் இருவரையுமே வைத்திருக்கலாம். பார்த்தால் இன்னும் எத்தனை பேரை அழித்தேன் என்பது வெளியே வந்துவிடும். நான் பார்க்கவில்லை. இறந்தவர் பெயரிலேயே பத்திரம் அச்சாகி வந்தது. அதை வாங்கிக்கொள்ள அந்த அம்மா வரவே இல்லை.