அலுமாரிக்குள்ளை போன சவுக்காரம்

சவுக்காரம் எண்டால் கை கழுவ, உடம்பு தேய்க்க. இதைப் பேரப்பிள்ளை கண்ட மனுசிக்கு நான் படிப்பிக்கோணுமோ? இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருது.

மனுசி வேறை ஆருமில்லை, என்ர மனுசன்ர அக்கா. ஒட்டுசுட்டானிலை எங்கட வளவுக்கு அடுத்த வளவு. வயலிலை புல்லுப் பிடுங்கி, பசளை எறிஞ்சு, வீட்டை வந்து சட்டியையும் உடுப்பையும் கையையும் ஒரே சவுக்காரத்தூளாலை கழுவிக் கழுவி, அவான்ர கை வெடிச்சுப் பிளந்துபோச்சு. குழம்பு பட்டா எரியும். சோத்தைக் குழைக்கேலாது, கரண்டியாலைதான் சாப்பிடுவா. கலியாண வீடு, செத்த வீடு எங்கை போனாலும் "எனக்குப் பசியில்லை" எண்டு பந்தியிலை இருக்கமாட்டா. நாலு சனத்துக்கு முன்னாலை கரண்டி கேக்க வெக்கம். அந்தக் கை ஆறோணும், அவா எங்களோடை இருந்து சாப்பிடோணும். எனக்கு வேறை ஆசை இருக்கேல்லை.

மாதர் சங்கத்திலை ஒருக்கா சவுக்காரம் செய்யப் பழக்கினவை. எங்கட தென்னையிலை விழுந்த தேங்காயைக் காயவைச்சு ஆட்டின எண்ணெய், அதோடை கொஞ்சம் வேப்பெண்ணெய், சந்தனத்தூள். கோஸ்டிக் சோடாவைத் தண்ணிக்குள்ளை போட்டா அது கொதிச்சுப் புகைக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு மாமரத்தடியிலை நிண்டு கிண்டினனான். மனுசன் சைக்கிளிலை வந்து இறங்கி, "என்ன, கடையிலை சவுக்காரம் முடிஞ்சுதோ?" எண்டு நக்கல் அடிச்சார். "உங்கட அக்காவுக்குத்தான்" எண்டனான். சைக்கிளைச் சாத்திப்போட்டு உள்ளுக்குப் போயிட்டார்.

வெடிச்ச கைக்கெண்டு எண்ணெயைக் கொஞ்சம் கூடவே விட்டனான். பால்மாப் பெட்டியிலை ஊத்தி, இறுகினாப் பிறகு வெட்டி, குசினித் தட்டிலை கிழமைக்கணக்கா வைச்சுக் காயவிட்டு, பேப்பரிலை சுத்தி நூலாலை கட்டி, தைப்பொங்கலுக்குப் பொங்கின புக்கையோடை கொண்டுபோய்க் குடுத்தனான். அவா பார்சலை மூக்கிலை வைச்சு மணந்து பாத்தா.

"எனக்கெண்டே செய்தனியோ?"

"ஓம் மச்சாள், கைக்குப் போடுங்கோ."

"ஓமோம்" எண்டா.

மாசி போச்சு, பங்குனி வந்துது. கை அதே கோலம். கேட்டா, "உது உடனை மாறுமே" எண்டுவா. என்ர சவுக்காரத்திலைதான் ஏதோ பிழையெண்டு நானும் மனசுக்குள்ளை குமைஞ்சுகொண்டு இருந்தனான்.

ஒரு நாள் விடியக் காத்தாலை வேலிக்கு அங்காலை இருந்து கூப்பாடு. "ஏய், இஞ்ச வா! என்ர கூறைச் சேலையை நாசமாக்கிப்போட்டாய்!"

ஓடிப்போய்ப் பாத்தா, அலுமாரி திறந்து கிடக்கு. கட்டிலிலை அவா கலியாணத்துக்குக் கட்டின அரக்குப் பட்டு. சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்த நேரம் உரப்பைக்குள்ளை சுத்தித் தலையிலை காவித் திரிஞ்ச சேலை அது. அதிலை உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. பக்கத்திலை என்ர பார்சல், கட்டின நூல்கூட அவிழ்க்கேல்லை. வெக்கைக்கு எண்ணெய் கசிஞ்சு, பேப்பரையும் தாண்டிப் பட்டிலை ஊறிப்போச்சு. "எல்லாம் உன்ர சவுக்காரத்தாலை வந்த வினை" எண்டு அவா சொன்ன உடனை எனக்கு வந்துதே ஒரு கோவம்!

"ஆர் உதை அலுமாரிக்குள்ளை வைக்கச் சொன்னது?"

"வாசத்துக்கு வைச்சனான். எல்லாரும் வைக்கிறதுதானே."

ஓம், வைக்கிறவைதான்! கனடாவிலை இருந்து ஆரும் வந்தா நல்ல சவுக்காரம் கொண்டருவினம். எங்கட சனம் அதிலை ஒண்டைத்தன்னும் நனைக்காது. சேலைக்கு நடுவிலை செருகி வைச்சிட்டு, உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தாலை முகம் கழுவும். வாசம் போனாப் பிறகும் வெளியிலை எடுக்காது. நல்ல பீங்கானும் அப்பிடித்தான், நல்ல விரிப்பும் அப்பிடித்தான், ஆரும் வந்தாத்தான் வெளியிலை வரும். அப்ப நாங்கள் ஆர்? எங்கட உடம்பு என்ன, ஆற்றையும் இரவல் உடம்போ? நல்லது எல்லாத்தையும் பூட்டி வைச்சிட்டுக் கிடந்து உத்தரிக்கோணும் எண்டு ஆர் எங்களுக்குச் சொன்னது?

இதை எல்லாம் அண்டைக்குத் தொண்டை கிழியக் கத்தினனான். "கைக்கெண்டு எண்ணெய் கூட விட்டனான் மச்சாள்! கைக்குப் போகவேண்டிய எண்ணெயைச் சேலைக்குக் குடுத்துப்போட்டு என்னைப் பேசுறியள்!"

அவா சேலையை மடிக்கப் போனா. வெடிச்ச விரல் பட்டிலை கொழுவி, ஒரு இழை இழுபட்டு வந்துது. வெடுக்கெண்டு கையை எடுத்துப்போட்டு, "இதாலைதான் நான் உதை விரிச்சே பாக்கிறேல்லை" எண்டு அழுதா.

எனக்கு ஆத்திரம் இன்னும் கூடினது. பார்சலைக் கிழிச்செறிஞ்சு, அவான்ர கையைப் பிடிச்சுக் கிணத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனனான். வாளித் தண்ணியை ஊத்தி, விரல் விரலாத் தேய்ச்சன். நல்ல நுரை. வெடிப்புக்குள்ளை கிடந்த வயல் மண் கரைஞ்சு ஓடிச்சுது. "எரியுதோ?" எண்டு கேட்டன். இல்லையெண்டு தலையாட்டினா. கண்ணாலை தண்ணி ஓடுது, ஆனால் பார்வை முழுக்க என்ர கையிலை இருந்த சவுக்காரக் கட்டியிலை.

"காணும், விடடி," எண்டா, "தேஞ்சு போகப்போகுது."

"தேயட்டும்! தேயத்தானே வேணும்!" எண்டு கத்திக்கொண்டு, மற்றக் கையையும் பிடிச்சு இழுத்தன்.