வெள்ளவத்தையில் ஒரு கத்தரிப் பாத்தி

வெள்ளவத்தைக்கு வந்த எட்டாம் நாள் காலை, பல் தீட்டிக்கொண்டு பின்வளவில் நின்றபோதுதான் அந்த எண்ணம் என்னைப் பிடித்தது. வீட்டுப் பைப்பை யாரோ சரியாகப் பூட்டாமல் விட்டிருந்தார்கள். நல்ல தண்ணீர் சிமெந்தில் விழுந்து, வடிகானில் ஓடி, கடற்பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு என் நெஞ்சு ஏன் பதைத்தது என்று விளங்கும். யாழ்ப்பாணத்தில் எங்கள் தோட்டத்தில் விடியற்புறத்தில் இரண்டு பேர் கிணற்றுத் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, அக்கா வாய்க்காலோடு ஓடி ஓடி ஒவ்வொரு பாத்தியாகத் திறந்து கட்டுவா. இங்கே கையால் ஒரு திருகல், அவ்வளவுதான். பிறகு ஏன் இந்த வளவு வெறுமனே கிடக்கிறது? வாய் கொப்பளிக்கவும் மறந்து, காலடியால் அளக்கத் தொடங்கிவிட்டேன்.

அன்றைக்கே விதை கேட்டு அக்காவுக்கு எழுதினேன். அப்பா போனபின் தோட்டத்தை நடத்துவது அவதான். எங்கள் கத்தரி வரியோடிய வெளிர்பச்சை, கசப்பே இல்லாதது. சந்தையில் அதைக் கேட்டு வாங்க ஆட்கள் உண்டு. வீட்டுச் சீவியத்தில் பாதி அதனால்தான் ஓடுகிறது. தபாலில் ஒரு சின்னப் பொட்டலம் விதை வந்தது. பாதியைப் போடு, பாதியை வை என்று எழுதியிருந்தா. எனக்கு எதையும் பாதியாகச் செய்து பழக்கமில்லை. முழுவதையும் நாற்றுப் போட்டேன்.

பங்குனி முதல் ஞாயிறு பாத்தி கட்டினேன். ஊரில் கட்டுகிற மாதிரியேதான்: நடுவைப் பள்ளமாக்கி, சுற்றிவர வரம்பு உயர்த்தி, ஒரு சொட்டும் வெளியே போகாதபடி. அறைத்தோழன் பரமு படியில் இருந்து சுருட்டுப் பிடித்தபடி, "உனக்குக் கொழும்பில உத்தியோகம் கிடைச்சதோ, தோட்டம் கிடைச்சதோ எண்டு உன்ரை அக்கா கேக்கப்போறா" என்றான். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் சோமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. மீன் வாங்க எங்கள் ஆட்களோடு பேசிப் பேசி அவவுக்குத் தமிழ் கொஞ்சம் வரும்; தம்பி என்பது மட்டும் சிங்களத்தில் மல்லிதான்.

"மல்லி, இது என்ன, வயலா? மழை வந்தா?"

"வந்தால் நல்லதுதானே, அக்கே," என்றேன். மழை வந்தால் நல்லதில்லை என்று எந்த யாழ்ப்பாணத்தானுக்குத் தோன்றும்? வடக்கத்தியானை நக்கலடிக்கிறா என்று நினைத்து வரம்பை இன்னும் ஒரு விரல் உயர்த்தினேன்.

நாற்பது செடி நட்டேன். ஒவ்வொரு நாளும் கந்தோருக்குப் போகமுன் ஒருதரம், வந்து சேர்ட் கழற்றமுன் ஒருதரம் எண்ணுவேன். கந்தோரில் எங்கள் வெள்ளைக்காரத் துரை அந்த மாதம் தன் ஊரை நினைத்து ஏங்கினார். அங்கே ஸ்பிரிங் வந்துவிட்டதாம், மண் கண் விழிக்குமாம். பள்ளிக்கூடத்தில் நாங்களும் இளவேனில் என்று படித்தோம். ஊரில் அது கிணறு கீழே இறங்குகிற காலம். நானும் தோட்டம் வைத்திருக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் பூக்களின் படம் போட்ட புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, உன் தோட்டத்தில் என்ன நிறம் என்று கேட்டார். ஊதா என்றேன். பொய்யில்லை, அன்று காலைதான் முதற் கத்தரிப்பூ விரிந்திருந்தது.

அந்தக் கிழமைதான் அக்காவின் கடிதம் வந்தது. குசினிக் கூரை பற்றி எரிந்து, அடுப்புக்கு மேலே கட்டியிருந்த விதைக்காய்கள் அத்தனையும் கருகிவிட்டன. நீ வைத்திருக்கிற பாதியை உடனே அனுப்பு, தோட்டத்தில் நின்ற செடிகளும் முடிந்துவிட்டன, அடுத்த போகத்துக்கு வேறு விதை இல்லை. வைத்திருக்கிற பாதி! செடியெல்லாம் பூக்கத் தொடங்கிவிட்டன, பழுக்கவிட்டு இரண்டு மடங்காக அனுப்புகிறேன் என்று பதில் போட்டேன். எழுதும்போது அதை முழுக்க நம்பினேன்.

வருடப்பிறப்பு முடிய மழை பிடித்தது. பின்னேரம் பின்னேரமாக, ஊரில் ஒரு மாதத்தில் பெய்வது ஒரு மணித்தியாலத்தில். கீழே ஒரு சாண் ஆழத்தில் இறுகிய செம்பாறை. மேலே என் வரம்பு. வாளியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினேன். தோட்டத்திலிருந்து தண்ணீரை வெளியே இறைத்தவன் எங்கள் பரம்பரையில் நானாகத்தான் இருப்பேன். ஐந்தாம் நாள் வெயில் எறித்தது. இலைகள் துவண்டு தொங்கின. வாடிய இலையைக் கண்டால் தண்ணீர் விடுவதுதான் எங்கள் கைகளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். போய்ப் பைப்பைத் திறந்தேன்.

சோமா படலையைத் தள்ளிக்கொண்டு வந்து பைப்பைப் பூட்டினா. கையோடு கொண்டுவந்த மண்வெட்டியால் என் வரம்பை வெட்டினா. எனக்குக் கண் மண் தெரியவில்லை. எங்கள் வளவுக்குள் வர நீங்கள் ஆர் என்று கத்தினேன், இன்னும் சொல்லக்கூடாத ஒன்றிரண்டும் சொன்னேன். அவ நிமிரவில்லை.

"மழை வந்தா எண்டு நான் கேட்டதுதானே, மல்லி. இந்தச் செடி தண்ணி குடிச்சுச் சாகுது."

இரண்டு மிஞ்சின. ஒன்றில் பெருவிரல் அளவில் ஒரு பிஞ்சு. மற்றதில் புதுத் தளிர் மட்டும். சோமாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். தேத்தண்ணி தந்தா, காய் பழுத்தால் தனக்கும் பத்து விதை வேண்டும் என்றா. ஓம் என்றேன். அக்காவுக்கும் உண்மையை எழுதிவிட்டேன், எட்டு நாளாகிறது. பதில் இல்லை. கோபித்துக்கொண்டு எழுதியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

வருகிற ஞாயிறு முழங்கால் உயரத்துக்கு மேட்டுப் பாத்தி போட்டு, கிடுகுப் பந்தலும் இறக்கி, பிஞ்சுள்ள செடியைச் சோமா சொல்கிறபடி காப்பாற்றப் பார்க்கப்போகிறேன். அது இங்கேயே நிற்கட்டும். ஒரே பிஞ்சை நம்பி இருக்க முடியாதபடியால் மற்றதை அடிமண்ணோடு கிளப்பி, மண்ணெண்ணெய்த் தகரமொன்றில் வைத்து, லீவு எடுத்து யாழ்ப்பாணம் கொண்டுபோவதாக எண்ணம். ஈரத்தில் வேர்விட்டது அந்த வெயிலைத் தாங்குமோ தெரியாது. அக்கா என்னை எந்த முகத்தோடு பார்ப்பா என்பதும் தெரியாது. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போகவேண்டியதுதான். எனக்குப் போய்வர டிக்கட். அதற்குப் போக மட்டும்.