ஆற்றங்கரையில் விட்டுவந்த சைரன்

1. திங்கட்கிழமை, காலை 9.20

"கோத்தா திங்கி ஆத்தோரம் மாட்டுன செட்ட கழட்டிக் கொண்டாந்துடுங்க பாலா. பேப்பர் வந்துருச்சு, கிராண்ட் பணமும் முடிஞ்சுது. ஆடிட் வருதுலா," என்றார் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர்.

நேரத்தை லாக்புக்கில் குறித்துக்கொண்டேன். ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்த காலம் அது.

அந்த செட் ஒரு வெள்ள எச்சரிக்கைக் கருவி. பிவிசி குழாய், உள்ளே ஒரு மிதவை, மேலே சைரன். முதலில் பொருத்திய வெளிநாட்டு சென்சர் இரண்டே மழையில் சேறு அடைத்துச் செத்தது. பிறகு எங்கள் மாணவர்கள் செய்தது இது. வாரம் ஒருமுறை குழாயைக் கழற்றிக் கழுவலாம் என்ற யோசனை, ஆற்றோரம் குடியிருக்கும் லெட்சுமி அக்காவுடையது. கழுவியதும் அவர்தான். பிரசுரமான கட்டுரையில் அவர் பெயர் இல்லை.

2. அன்று பிற்பகல்

ஸ்பேனரோடு போய் நின்றேன். பருவமழை தொடங்கும் நேரம்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி," என்றார் அக்கா. "தண்ணி ஏறுனா நீங்க ஜொகூர் பாருல இருந்து கத்துங்க. எங்களுக்கு நல்லாக் கேக்கும்."

ஸ்பேனரைப் பையில் போட்டேன். மாணவர்கள் கருவிகளை இரவல் வாங்கக் கையெழுத்துப் போடும் ஃபாரம் எப்போதும் என் ஃபைலில் இருக்கும். வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. குழாயில் ஒட்டியிருந்த சொத்து எண்ணை அதில் எழுதி அக்காவிடம் நீட்டினேன். அவர் கையெழுத்திட்டார்.

3. செவ்வாய்

"அலமாக்! யாரக் கேட்டுக் குடுத்தீங்க? ஆடிட்டுக்கு நான் என்னத்தக் காட்டுறது?" என்றார் தலைவர்.

"ஃபாரத்தக் காட்டுங்க டாக்டர். பொருள் தொலையல, வேலை செய்யுது."

"ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சு பாலா!"

"பேப்பர்தான் முடிஞ்சுது. ஆறு அங்கதான் ஓடுது."

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒரே வரியில் பதில் எழுதினேன்: 'கேட்டால் மறுபடியும் கொடுப்பேன்.' அடுத்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்கடுத்த வாரம் வெள்ளம் வந்தது. வியாழன் பிற்பகல் 3.40க்குச் சைரன் அலறியது. வீடுகளுக்குள் தண்ணீர் நுழைவதற்குள் அக்காவின் வரிசையில் எல்லாரும் மேட்டில் இருந்தார்கள். எச்சரிக்கைக் கடிதத்தை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை.

இளம் டெக்னீஷியன்களுக்கு ஒன்று சொல்வேன். நம்மைப் போன்ற நாடுகளில், பல்கலைக்கழகம் கண்டுபிடித்த பொருள் ஸ்டோரில் பத்திரமாக இருக்கிறது என்று பெருமைப்படாதீர்கள். அது யாரிடம் இருக்க வேண்டுமோ, அவர் கையெழுத்தை முதலில் வாங்குங்கள். திட்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.