அவசரக் காதலர்களும் ஆமையும்

திரைச்சீலை தைக்கும் கடையில் அவளுக்கு ஆமை என்று பெயர். தையல் அச்சு வார்த்த மாதிரி இருக்கும். ஆனால் அவள் ஒரு விளிம்பை மடித்து முடிப்பதற்குள், பக்கத்து மிஷினில் இருக்கும் நாத்தனார் டீ குடித்து, கதை பேசி, இன்னொரு டீயும் குடித்துவிடுவாள். குற்றம் காலுடையது. காதில் என்ன விழுகிறதோ அதற்கேற்பத்தான் அது மிதிக்கும். கடை ரேடியோவிலோ நாளெல்லாம் தாலாட்டு மாதிரிப் பாட்டுகள்.

அன்றைக்கு முதலாளி வாசலிலேயே மறித்தார். "நாடக அரங்கத் திரை சாயங்காலத்துக்குள்ள போயாகணும்மா. இல்லேன்னா ஆர்டர் எதிர்க்கடைக்கு. நீயும் நாளைலேருந்து வர வேண்டாம்."

நாத்தனாருக்கு மனசு கேட்கவில்லை. தன் போனில் ஒரு காதல் கதையை ஓடவிட்டு, இயர்போனை அண்ணியின் காதில் செருகினாள். "கேட்டுக்கிட்டே தைங்க அண்ணி. பயம் தெரியாது."

கதையில் லிஃப்ட் பழுது பார்ப்பவனுக்கும் ஒன்பதாம் மாடிக்காரிக்கும் காதல். "உன் மௌனம் ஈரத்துணிபோல் என்மேல் காய்கிறது" என்று அவன் ஒரே மூச்சில் ஏலம் போட்டான். 'பாவம், வண்டிக்கு நேரமாச்சு போல' என்று ஆமை பரிதாபப்பட்டாள். கால் பறந்தது. நூல் துணுக்குகள் மின்விசிறியைச் சுற்றி மேகமாக நின்றன. மிஷினில் புகை வந்ததாக நாத்தனார் இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

ஒரே ஒரு விளிம்பு மிச்சம் இருக்கும்போதுதான் நாத்தனார் போனைக் கவனித்தாள். "ஐயையோ அண்ணி! நான் எதையும் ரெட்டை வேகத்துலதான் கேப்பேன். மாத்த மறந்துட்டேனே!" பதறிப்போய் மாற்றினாள்.

கால் பழையபடி ஊர்ந்தது.

"ஏண்டி, அவனுக்கு என்ன ஆச்சு? ஜுரமா? இழுத்து இழுத்துப் பேசறான்!"

நாத்தனார் காலைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. காதலர்களை மறுபடியும் ரெட்டை வேகத்தில் விரட்டினாள். கடைசித் தையல் விழுந்தபோது வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆர்டரை அள்ளிக்கொண்டு போக வந்திருந்த எதிர்க்கடைக்காரர், திரையை வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்துவிட்டுப் போனார்.

"உன்னை ஆமைன்னு எவன் சொன்னான்?" என்றார் முதலாளி.

"நீங்கதான்."

முதலாளி உடனே வண்டிக் கயிற்றைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

அவள் மிஷினை அணைத்தாள். ரேடியோவையும் அணைத்தாள். முதலாளியின் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு போனை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"கடைசி அத்தியாயம் பாக்கி இருக்குடி. இப்ப மெதுவாப் பேசச் சொல்லு அவங்களை. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."